ஆயிரத்து இருநூறாவது தலை

சொரிமுத்துவின் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தலை எண்ணிய குடும்பம். தாத்தா உச்சிமாகாளி, கரிசல்குளம் மத்திய சிறைக்குக் கல் சுவர் எழும்பிய வருடத்தில் காவலராகச் சேர்ந்தார். அப்பா பிச்சையா அதே சுவருக்குள் நரைத்தார். சொரிமுத்து முப்பத்து நான்கு வருடம் முடித்து, தலைமைக் காவலர் என்கிற பட்டையோடு நிற்கிறார். இந்த மூவரின் காவலிலிருந்து ஒரு கைதிகூடத் தப்பியதில்லை. "எங்க வீட்டுல மாடு தொலைஞ்சிருக்கு, நிலப் பத்திரம் தொலைஞ்சிருக்கு, எங்கப்பாவோட பல்செட்டு ரெண்டு தடவை தொலைஞ்சிருக்கு. கைதி தொலைஞ்சதில்ல" என்று, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்வார்.

அப்படிப்பட்டவருக்கு, மகள் உலகம்மையின் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, கணக்கில் ஒரு தலை உதைத்தது.

எண்ணுவதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. ஐந்தரை மணிக்குக் கைதிகள் ஜோடி ஜோடியாக உட்கார வேண்டும். அவர் நடந்துகொண்டே ஒவ்வொருவரின் வலது தோளையும் தொடுவார். தொட்டால்தான் தலை. கண்ணால் பார்த்ததெல்லாம் தலை ஆகாது. அன்று தொட்டு முடித்தபோது ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது. மைதானத்து ஓரத்தில் கம்பெனி நட்டிருந்த திரையில் ஆயிரத்து இருநூறு.

மறுபடி எண்ணினார். அதே. மூன்றாவது முறை தொடங்கியபோது முதல் ஜோடியில் உட்கார்ந்திருந்த மிக்கேல் நெளிந்தார். மிக்கேல் ஆயுள் கைதி. வெளியே இருந்த காலத்தில் கொத்தனார். உள்ளே வந்த பிறகு முத்து முத்தான கையெழுத்தில் எல்லோருக்கும் மனு எழுதுகிறவர்.

"ஏட்டையா, மூணாவது தடவை தோளைத் தொடுதீங்க. மாப்பிள்ளை பார்க்க வந்த மாதிரி இருக்கு. எனக்கு வெக்கமா வருது."

"பேசாம இருடே. ஒண்ணு உதைக்கி."

"இன்னைக்குக் காலையில முருகையாவை ஐகோர்ட்டு விட்டுட்டு. வக்கீலே நேர்ல வந்து கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாரே. அந்தத் தலைதான் கழிஞ்சது."

"அது எனக்குத் தெரியாதா? அதக் கழிச்சா என் கணக்குதான் சரி. அந்தத் திரையப் பாரு."

திரையில் பச்சை எழுத்து ஓடியது. இன்று வெளியே: ஒருவர். இன்று உள்ளே: ஒருவர். புது வரவு, எண் 1200, வயது ஐம்பத்தொன்பது. பெயர் இல்லை, கைதியின் அந்தரங்கத்தைக் காப்பது கம்பெனியின் கொள்கை.

"புதுசா ஒருத்தன் வந்திருக்கான். என் கண்ணுல படாம எங்கயோ ஒளிஞ்சிருக்கான்" என்றார் சொரிமுத்து. "ஐம்பத்தொன்பது வயசு. என் வயசுக்காரன். இந்த வயசுல ஜெயிலுக்கு வந்திருக்கான்னா எப்படிப்பட்ட மானங்கெட்டவனா இருப்பான்."

அந்த மானங்கெட்டவனை அவர் ஒரு மணி நேரம் தேடினார். ரொட்டி அடுப்புக்குள் டார்ச் அடித்தார். தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து, "வெளிய வாரியா, நான் வரட்டுமா" என்று கேட்டார். தொட்டி அவர் குரலையே திருப்பிக் கேட்டது. தறிக்கூடத்தில் ஒரு பாய்ச் சுருளை உதைத்துக் கால் விரலை வீங்க வைத்துக்கொண்டார். சரி, நாளைக்கு விடிந்ததும் பார்க்கலாம் என்று தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். வீட்டில் மண்டப முன்பணம் பற்றிப் பேச ஆள் வந்து காத்திருந்தது.

இங்கே சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுவர் இப்போது இல்லை. இரண்டு வருடங்களுக்கு முன் சிறையை 'அரவணை சீர்திருத்தச் சேவைகள்' என்கிற தனியார் நிறுவனம் எடுத்தது. எடுத்த மாதமே சுவரை இடித்துக் கல்லை லாரியில் ஏற்றிவிட்டது. சுவர் நின்ற இடத்தில் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு. அவ்வளவுதான் சிறை. ஆடு கோட்டைத் தாண்டி வந்து மேயும், காக்கை தாண்டிப் போகும். மனிதன் தாண்ட முடியாது. ஒவ்வொருவர் காதுக்குப் பின்னாலும் தோலுக்கடியில் எள்ளளவு ஒரு பொருளை வைத்திருந்தார்கள். கம்பெனி அதற்குச் சொன்ன பெயர் வாயில் நுழையவில்லை. கைதிகள் எள்ளு என்றே சொன்னார்கள். "உயிரோட இருக்கையிலேயே எள்ளு வச்சிட்டானுவ" என்று மிக்கேல் முதல் நாளே சொல்லிச் சிரித்தார். அதை விளக்கியதும் அவர்தான். "காதுக்குள்ள கொத்தனார் வச்சிருக்க மாதிரி ஒரு ரசமட்டம் இருக்காம். கோட்டைத் தாண்டினா இந்த எள்ளு அந்த ரசமட்டத்தை ஆட்டி விட்டிருமாம். பூமி பம்பரமாச் சுத்தும்."

எள்ளைத் திறப்பு விழா மேடையில் முதலில் வைத்துக்கொண்டது மேலாளர் ஹரிகேஷ்தான். வலிக்காது என்று காட்ட. பிறகு பக்கத்துக் கட்டடத்தில் இயங்கிய மண்டல அலுவலகம் முழுக்க வைத்துக்கொண்டது. அடையாள அட்டை கழுத்தில் தொங்க வேண்டியதில்லை அல்லவா? காவலர்களுக்கும் வைத்தார்கள். ஊழியர் எள்ளு கோட்டில் தூங்கும். கைதி எள்ளுதான் ஆட்டும். கோடு காவல் காக்கும்போது காவலர் எதற்கு என்ற கேள்வி அப்புறம் வந்தது. நூற்று இருபது பேரில் நூற்றுப் பத்தொன்பது பேரை அனுப்பிவிட்டார்கள். ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னதால் சொரிமுத்து மிஞ்சினார். வேலை ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர் எண்ணினார்.

செவ்வாய்க்கிழமை மாலை ஆறே முக்காலுக்கு, அவர் வழக்கம்போல மஞ்சள் கோட்டைத் தாண்டி வலது காலை வைத்தார். வானம் கீழே வந்தது. எதிரே நின்ற வேப்பமரம் தலைகீழாகி, இடது பக்கம் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்து அவருக்கு வணக்கம் வைத்தது. மூன்று தலைமுறையாக விறைத்து நின்ற முதுகெலும்பு, கோட்டில் துவண்டு விழுந்தது. ஓர் ஆடு வந்து அவர் தொப்பியை முகர்ந்து பார்த்தது.

கால் கோட்டுக்குள் வந்ததும் உலகம் நின்றது. உட்கார்ந்து யோசித்தார். வயது ஐம்பத்தொன்பது. புது வரவு ஒருவர்.

"அடப் பாவி" என்றார், தனக்குத்தானே.

மறுநாள் காலை ஹரிகேஷ் அவருக்கு இஞ்சி டீ வரவழைத்தான். முப்பது வயது, பட்டணத்துப் பையன். எதையும் நல்ல செய்தியாகவே சொல்லப் பழகியவன்.

"சார், இது தப்பு இல்ல. அதை முதல்ல க்ளியர் பண்ணிடறேன். அரசாங்கத்தோட நம்ம ஒப்பந்தம் ஆயிரத்து இருநூறு தலை. எப்பவும் நிரம்பி இருக்கணும். தினம் மதியம் பன்னிரண்டரைக்கு சிஸ்டம் எண்ணும். குறைஞ்சா, உள்ளே அதிக நேரம் இருந்தவங்களை அதுவே எடுத்துக்கும். நீங்க முப்பத்து நாலு வருஷம் உள்ளே இருந்திருக்கீங்க. லிஸ்ட்ல ஃபர்ஸ்ட்."

"நான் காவலுக்கு இருந்தேன் தம்பி."

"சிஸ்டத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது சார். தலைன்னா தலை." ஹரிகேஷ் முகம் மலர்ந்தான். "உங்க சேவைக்குக் கிடைச்ச அங்கீகாரம்னு எடுத்துக்கோங்களேன்."

"எனக்குப் பதினோரு நாள்ல மக கல்யாணம். இந்த மாசக் கடைசியில ரிட்டயர்மென்ட்."

"மனு கொடுங்க. தொண்ணூறு வேலை நாள்ல பதில் வரும்."

சொரிமுத்து இஞ்சி டீயைத் தொடாமல் எழுந்தார். மனு என்பது அவர் குடும்பம் வாங்கி மேலே அனுப்புகிற பொருள். எழுதுகிற பொருள் அல்ல. இருந்தாலும் மத்தியானம் மிக்கேல் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தார். மிக்கேல் பதறி எழுந்து, அப்புறம் விஷயத்தைக் கேட்டு, சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், பத்து நிமிடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"தொட்டியில போயித் தேடினீங்களே ஏட்டையா. உம்மையே உம்ம பேரச் சொல்லாமத் தேடியிருக்கீரு."

"சிரிச்சு முடிச்சிட்டு எழுது."

"எழுதுதேன். ஆனா வரிசையில உமக்கு முன்னாடி அறுபத்து மூணு பேரு இருக்காங்க."

"எந்த வரிசை?"

மிக்கேல் சிரிப்பை நிறுத்தினார். "உங்களுக்குத் தெரியாதா? தண்டனை முடிஞ்சும் வெளிய போகாதவங்க. வக்கீல் வச்சவன் போயிருதான். வக்கீல் இல்லாதவனுக்குப் 'பரிசீலனையில்'னு வருது. அங்க தறியில உக்காந்திருக்கானே குருசு, அவனுக்கு ஏழு மாசம் முன்னாடியே முடிஞ்சிட்டு. தேதியெல்லாம் இப்பக் கம்ப்யூட்டர்தான பாக்கு. நான் எழுதின மனுதான் அறுபத்து மூணும்."

தாத்தா உச்சிமாகாளி வைத்த வழக்கம் ஒன்று அந்தக் குடும்பத்தில் இருந்தது. தப்ப விடாததை மட்டும்தான் சொரிமுத்து ஊரில் பேசிக்கொண்டிருந்தார். மறு பாதியும் உண்டு. விடுதலையாகிறவனைத் தலைமைக் காவலரே வாசல் வரை கூட்டிப்போய், அவன் தோளைக் கடைசியாக ஒருமுறை தொட்டு, 'திரும்பிப் பார்க்காமப் போ' என்று சொல்லி அனுப்ப வேண்டும். ஒரு நாள் முன்னால் இல்லை, ஒரு நாள் பின்னால் இல்லை. கம்பெனி வந்த பிறகு அந்த வேலை போயிற்று. அவருக்கும் மறந்து போயிற்று. அறுபத்து மூன்று பேரின் தோளைத் தினமும் மாலையில் தொட்டு, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். வெளியே தப்பியவன் ஒருவனும் இல்லை என்று பெருமை பேசிய வாயோடு.

"எங்க தாத்தா பார்த்தா என்னைச் செருப்பால அடிப்பாரு" என்றார் கடைசியில்.

"அடிக்க உள்ள வந்தா அவரு தலையையும் எண்ணிருவானுவ" என்றார் மிக்கேல். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒரு விஷயம் கவனிச்சேன். கம்பெனி 'ஒரு நாள் உள்ளே'ன்னு ஊர்ப்பயலுவளக் கூட்டிட்டு வந்து, சும்மா ஒரு நாள் ஜெயில்ல இருக்க வைக்கிதுல்லா?"

சொரிமுத்துவுக்கு நன்றாகத் தெரியும். சுற்றுலா. வருகிறவர்களுக்கு எள்ளு வைப்பதில்லை, காதுக்குப் பின்னால் ஒரு ஒட்டு. இருபத்து நான்கு மணி நேரத்தில் தானே உதிர்ந்துவிடும். அலுமினியத் தட்டில் களி, கம்பி எண்ணும் போட்டி, கோடு போட்ட சட்டையில் புகைப்படம்.

"பொங்கலுக்குப் பன்னிரண்டு பேரு வந்தான். அன்னைக்கு மத்தியானமே பரிசீலனையில கிடந்த பன்னிரண்டு பேருக்கு விடுதலை வந்துட்டு. சித்திரையில ஒரு காலேஜ் பசங்க அஞ்சு பேரு. அஞ்சு விடுதலை. அவனுவ போனதும் புதுக் கைதிங்க வந்து அந்த இடம் நெறஞ்சிட்டு. ஒட்டும் தலைதான் ஏட்டையா. எண்ணிக்கை மிஞ்சினா, பழைய பாக்கிய முதல்ல வெளிய தள்ளுது. வரிசைப்படி."

"அப்போ என் முறை கடைசியில வரும்."

"அறுபத்து நாலாவது. உள்ள வாரதுக்கு அறுபத்து நாலு நல்ல மனுஷங்க வேணும். அவ்வளவு பேருக்கு எங்க போக?"

சொரிமுத்து மெதுவாகத் தொப்பியைத் தலையில் வைத்தார். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது.

"எங்க வீட்டுல கல்யாணம்டே" என்றார்.

உலகம்மை தொலைபேசியில் முழுதும் கேட்டாள். அழுவாள் என்று எதிர்பார்த்தார். "சூப்பர்ப்பா" என்றாள். "மண்டபத்துக்காரன் ஏ.சி.க்குத் தனியாக் கேக்கான். மாப்பிள்ளைகிட்ட நான் பேசுதேன். ஆனா அவங்க அப்பா..."

மாப்பிள்ளையின் அப்பா தளவாய், அரசுப் பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த மனைவியையே ஒருமுறை பாதி வழியில் டிக்கெட் இல்லாமல் பிடித்து இறக்கிவிட்டார் என்று ஊரில் பேச்சு. விறைப்பில் சொரிமுத்துவுக்கு ஒரு மாற்றுக் குறையாது.

"உள்ள நடந்ததை அவருக்குச் சொல்லாத" என்றார் சொரிமுத்து. "கைதி வீட்டுல பொண்ணு எடுத்தோம்னு பேர் வரக் கூடாது. கம்பெனி விளம்பரத்துக்கு நடத்துதுன்னு சொல்லு."

கம்பெனி உண்மையிலேயே விளம்பரத்துக்குத்தான் நடத்தியது. ஹரிகேஷ் வாழை மரம்கூடத் தானே கட்டினான். சிறைக்குள் முதல் திருமணம், அறுபத்து நான்கு 'ஒரு நாள் உள்ளே' விருந்தினர்கள். படம் எடுக்க ஆள் போட்டான். "சார், கைதியா இருந்துகிட்டே கல்யாணம் நடத்தறீங்க. என்னா பாசிட்டிவ்" என்றான்.

கல்யாணத்தன்று காலை எட்டரைக்கு இரண்டு வேன் வந்து வேப்பமரத்தடியில் நின்றது. மிக்கேல் தலைமையில் கைதிகள் பந்தலில் மாவிலை கட்டியிருந்தார்கள். தறிக்கூடத்தார் மணப்பெண்ணுக்கு ஒரு பட்டு ஜமுக்காளம் நெய்திருந்தார்கள். அடுப்படியில் ஆயிரத்து இருநூறு பேருக்கும் சேர்த்துச் சாம்பார் கொதித்தது. கோட்டருகே ஒரு பெண் ஒவ்வொரு விருந்தினருக்கும் ஒட்டு ஒட்டினாள். அத்தைகள் "பொட்டு மாதிரி நல்லாத்தான் இருக்கு" என்று கண்ணாடி கேட்டார்கள். ஒரு சித்தப்பா உள்ளே வந்த உடனே கம்பியை எண்ணத் தொடங்கிவிட்டார்.

அறுபத்து மூன்று பேர் உள்ளே வந்தார்கள். தளவாய் வேன் அருகில் நின்றார். வெள்ளை வேட்டி, மூங்கில் கம்பு மாதிரி முதுகு.

மாப்பிள்ளையின் தம்பி ஓடி வந்தான். "மாமா, அப்பா வர மாட்டேங்காரு. பொண்ணோட அப்பா வேன் வரைக்கும் வந்து சந்தனம் கொடுத்து மாலை போட்டுக் கூட்டிட்டுப் போனாத்தான் வருவாராம். அதான் முறையாம்."

முறைதான். அதில் தப்பே சொல்ல முடியாது. சம்பந்தியை எதிர்கொண்டு அழைக்காமல் எந்த வீட்டில் தாலி ஏறும்? வேனுக்கும் கோட்டுக்கும் இடையில் இருபது அடி.

சொரிமுத்து மாலையும் சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்புமாக மஞ்சள் கோடு வரை வந்து நின்றார். தளவாய் வேனை விட்டுப் பத்தடி வந்து நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாதஸ்வரக்காரர் ஒரு ராகத்தை முடித்து, யாரும் நகரவில்லை என்று பார்த்து, அதையே மறுபடி ஆரம்பித்தார்.

"வாங்க சம்பந்தி" என்றார் சொரிமுத்து, கோட்டுக்கு உள்ளே இருந்து.

"நீங்க வாங்க சம்பந்தி" என்றார் தளவாய்.

"இங்கேர்ந்தே மரியாதை பண்ணுதேன்."

"பத்தடி எடுத்து வைக்க உங்க காலு தேஞ்சிருமோ? பையனப் பெத்தவன் நான். என் வீட்டு வாசல்ல நீங்க சம்பந்தம் பேச வந்தப்ப, தெரு முனை வரைக்கும் வந்து நான் கூட்டிட்டுப் போகலையா?"

பெண் வீட்டுக்காரர் திமிராக நிற்கிறார் என்று அத்தைகள் கிசுகிசுத்தார்கள். மணி பத்தரை. சொரிமுத்துவின் காதில் வியர்வை வழிந்தது. விழுந்தாலும் பரவாயில்லை, முறை தவறக் கூடாது என்று ஒரு முடிவுக்கு வந்தார். கண்ணை மூடிக்கொண்டு கோட்டைத் தாண்டினார்.

மூன்றடி தட்டுத் தடுமாறிப் போனார். நான்காவது அடியில் வேப்பமரம் வணக்கம் வைத்தது. சந்தனம் அவர் சட்டையிலும், பன்னீர் தளவாயின் செருப்பிலும், மாலை நாதஸ்வரக்காரர் கழுத்திலும் விழுந்தன. சொரிமுத்து ஒரு வட்டம் சுற்றித் தளவாயின் காலடியில் உட்கார்ந்தார்.

"காலையிலேயே போட்டிருக்காரா?" என்றார் தளவாய், முகம் சுளித்து.

அதுதான் சொரிமுத்துவால் தாங்க முடியாமல் போனது. அவர் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக யாரும் குடித்ததில்லை. குடிகாரன் என்று பேர் வாங்குவதைவிடக் கைதி என்று வாங்கலாம். தவழ்ந்தே கோட்டுக்குள் வந்து, நிமிர்ந்து உட்கார்ந்து, எல்லோரும் கேட்கச் சொன்னார்.

"நான் குடிக்கல சம்பந்தி. நான் கைதி. எண் ஆயிரத்து இருநூறு."

அவர் ஒன்று விடாமல் சொன்னார். ஒப்பந்தத்தை, எள்ளை, தொட்டிக்குள் தன்னைத் தானே தேடியதை, தண்டனை முடிந்தும் கிடக்கிற அறுபத்து மூன்று பேரை. "கல்யாணத்துக்குத்தான் உங்களக் கூப்பிட்டேன். ஆனா உங்க தலைய எண்ணிக்கைக்கும் வச்சுக்கிட்டேன். அதச் சொல்லாம வச்சது என் தப்பு. மானத்துக்குப் பயந்தேன். நீங்க திரும்பிப் போனாலும் சரிதான். பொண்ணுக்கு இதுல ஒண்ணும் தெரியாது" என்று கடைசியில் ஒரு பொய்யும் சொன்னார்.

தளவாய் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும், பேருந்தில் ஏறும்போது மாட்டிய அதே கண்ணாடி.

"உள்ள எத்தனை தலை ஏறியிருக்கு?"

"அறுபத்து மூணு."

"எத்தனை டிக்கெட் கிழிச்சிருக்கு?"

"அறுபத்து நாலு."

"முப்பது வருஷம் சர்வீஸ்ல, டிக்கெட்டும் தலையும் ஒத்துப் போகாம ஒரு வண்டியையும் நான் நகர விட்டதில்ல சம்பந்தி." ஒட்டு ஒட்டுகிற பெண் பக்கம் திரும்பிக் காதை நீட்டினார். "ஒட்டும்மா. அழுத்தி ஒட்டு."

கோட்டைத் தாண்டி வந்து சொரிமுத்துவின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். நாதஸ்வரக்காரர் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றி அவரே தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். "மரியாதை பண்ணியாச்சு. தாலியக் கட்டச் சொல்லுங்க."

பதினொன்று ஐம்பதுக்குத் தாலி ஏறியது. ஆயிரத்து இருநூறு கைதிகள் அட்சதை போட்டால் எப்படி இருக்கும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. மணமக்கள் தலையிலிருந்து மறுநாள் வரை அரிசி உதிர்ந்தது.

பன்னிரண்டரைக்கு எல்லோரும் அமைதியானார்கள். கம்பி எண்ணிய சித்தப்பாகூட நிறுத்திக்கொண்டார். முதலில் தறிக்காரன் குருசு காதைத் தொட்டுப் பார்த்தான். "டிக்குன்னுச்சு" என்றான். அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாக, டிக், டிக் என்று காதைத் தொட்டார்கள். ஆவணி மழை தகரத்தில் விழத் தொடங்குவது போல. கடைசியாகச் சொரிமுத்துவின் காதுக்குள் ஒன்று குளிர்ந்து அணைந்தது.

"யாரும் சாப்பிடாமப் போகக் கூடாது" என்றார் அவர். "கல்யாண வீடு."

முதல் பந்தி அறுபத்து மூன்று பேருக்கு. தளவாய் மோர் ஊற்றினார். சாப்பிட்டு முடித்தவர்களைச் சொரிமுத்து ஒவ்வொருவராகக் கோடு வரை கூட்டிப் போனார். வலது தோளைத் தொட்டார். "தாமதமாயிட்டு. மன்னிச்சிரு. திரும்பிப் பார்க்காமப் போ." குருசு கோட்டைத் தாண்டிவிட்டு, தலை சுற்றுகிறதா என்று இரண்டு நிமிடம் நின்று பார்த்தான். சுற்றவில்லை. அதற்கப்புறம் ஓடினான்.

சொரிமுத்துவின் முறை வந்தபோது, கூட்டிப்போக யாரும் இல்லை. மிக்கேல் வந்தார். அவருக்கு முன்விடுதலை கேட்கவே இன்னும் நான்கு வருடம் பாக்கி. காவலரின் தோளைக் கைதி தொடலாமா என்று ஒரு கணம் தயங்கினார். பிறகு தொட்டார்.

"திரும்பிப் பார்க்காமப் போங்க ஏட்டையா."

மாலையே கோட்டுக்கு வெளியே இருந்த கம்பெனி மருந்தகத்தில் அவருக்கும் அறுபத்து மூன்று பேருக்கும் எள்ளை எடுத்துவிட்டார்கள். விடுதலையானவருக்கு எடுத்துவிட வேண்டும் என்பது கம்பெனி விதி. மாசக் கடைசி வரை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனார். விருந்தினர்கள் அறுபத்து நான்கு பேரும் அன்று சிறையில் தங்கினார்கள். தளவாய்க்குக் கிடைத்தது உச்சிமாகாளி காலத்து நாலாம் நம்பர் அறை. களி தின்று பார்த்து, உப்பு கம்மி என்று புகார்ப் புத்தகத்தில் எழுதினார். காலை எட்டரையிலிருந்து ஒட்டுகள் ஒவ்வொன்றாகக் காய்ந்த சருகு போல உதிர்ந்தன, தளவாயினது கடைசியாகப் பதினொரு மணிக்கு. எல்லோரும் கோடு தாண்டி மறுவீட்டுச் சாப்பாட்டுக்குச் சொரிமுத்து வீட்டுக்கு வந்தார்கள்.

இலை போட்டு அப்பளம் வைக்கும்போது அவர் தொலைபேசி அடித்தது. மணி பன்னிரண்டு நாற்பது. ஹரிகேஷ்.

"சார், ஒரு சின்ன இஷ்யூ. நாங்க எல்லாரும் கேன்டீன்ல இருக்கோம். தினமும் மதியம் உள்ளேதான சாப்பிடுவோம், சிறைச் சமையல் நல்லா இருக்கும்ல. இப்ப சாப்பிட்டு ஆபீஸ் போகலாம்னு எந்திரிச்சா..." பின்னால் யாரோ வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. "கோட்டைத் தாண்ட முடியல சார். பூமி சுத்துது."

"எத்தனை பேருக்கு?"

"அறுபத்து நாலு பேருக்கு. எங்களுக்கெல்லாம் எள்ளு இருக்கில்ல. நேத்து உங்க ஆளுங்க போய்ட்டாங்க, இன்னைக்கு உங்க கெஸ்ட்டும் போய்ட்டாங்க. எண்ணிக்கை குறைஞ்சதால சிஸ்டம்..."

சொரிமுத்து மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். ஆயிரத்து நூற்று முப்பத்தாறும் அறுபத்து நாலும். சரியாக இருந்தது.

"உங்க சேவைக்குக் கிடைச்ச அங்கீகாரம்னு எடுத்துக்கோங்க தம்பி."

"சார், ப்ளீஸ். என்ன பண்ணணும்?"

"மனு எழுதணும். முதல் ஜோடியில மிக்கேல்னு ஒருத்தர் இருக்கார், கையெழுத்து நல்லா இருக்கும். அவர் முன்னாடி தரையில உக்காரணும், அதான் முறை. தொண்ணூறு வேலை நாள்ல பதில் வந்திரும்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். "சாயங்காலம் அஞ்சரைக்கு ஜோடியா உக்காருங்க. முதுகு நிமிர்ந்து இருக்கணும்."

தொலைபேசியை வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். அவர் சிரித்து உலகம்மை பார்த்ததே இல்லை. பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். விஷயத்தைக் கேட்டதும் பந்தி முழுக்கச் சிரித்தது. அப்பளம் நொறுங்கியது. தளவாய்க்குப் புரை ஏறியது.

சிரிப்பு அடங்கியபோது சொரிமுத்து இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோற்றில் கை வைக்கவில்லை. அறுபத்து நான்கு பேர். ஒருவருக்கும் தண்டனை இல்லை. ஒரு நாள் முன்னால் இல்லை, ஒரு நாள் பின்னால் இல்லை. வாசல் ஆணியில் தொங்கிய தொப்பி அவரைப் பார்ப்பது போல இருந்தது.

"சம்பந்தி" என்றார் மெதுவாக. "உங்க ரெண்டாவது பையனுக்குப் பொண்ணு பார்த்தாச்சா?"